நீலச் சுடருக்கும் ஒரு தணிக்கை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். "கேஸ் கீசரைப் பற்றிப் பேச இவர் யார்?" என்று நீங்கள் நினைக்கலாம். நம் குடியிருப்பில் எத்தனை வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது, எங்கே மாட்டியிருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலையைக் குழு என்னிடம் கொடுத்தது. கணக்கு என்றால் நான் மறுக்க மாட்டேன். 96 வீடுகளில் 11 வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது. எட்டு வீடுகளில் அது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் யுட்டிலிட்டியில். மூன்று வீடுகளில் குளியலறைக்கு உள்ளேயே. இன்று நீங்கள் வாக்களிக்கப் போவது அந்த மூன்றைப் பற்றித்தான்.

இந்தக் கணக்கெடுப்பு ஏன் வந்தது என்று சிலருக்குத் தெரியும். சென்ற ஜனவரியில் சி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தவர் கதவருகிலேயே சரிந்து விழுந்தார். "வெறும் வயிறு, லோ பிரஷர்" என்றார்கள். மாமியார் ஓடிப்போய், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார். 98 காட்டியது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நல்லவேளை, பக்கத்து வீட்டு அம்மா விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் கேஸ் கீசரா?" இதை உங்களிடம் சொல்ல அந்தப் பெண்ணே அனுமதி கொடுத்திருக்கிறார்.

அந்த 98 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் எல்லோர் வீட்டிலும் அந்தக் கருவி இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே எண்ணிக் காட்டும். கள்ள நோட்டையும் சேர்த்து எண்ணும் மெஷின் மாதிரி. எண்ணிக்கை சரியாக இருக்கும், பணம் இருக்காது. அதனால் இந்த விஷயத்தில் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள்.

இனி, நெருப்பின் கணக்கு. எல்.பி.ஜி. என்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 5 பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம்தான். அப்படியானால் ஒரு லிட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 24 லிட்டர் காற்று. இது வரவு. எரிந்து முடிந்ததும் 3 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 4 பங்கு நீராவியும் வெளியே போகும். இது செலவு. இரண்டு பக்கமும் நேரானால் கணக்கு முடிந்தது. ஆக்சிஜன் போதவில்லை என்றால் கார்பன் பாதி எரிந்த நிலையில் நின்றுவிடும். அதுதான் கார்பன் மோனாக்சைடு. வங்கியில் நேராகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். அங்கே அது ஆடிட்டர் வரும்வரை சும்மா இருக்கும். இங்கே சும்மா இருக்காது.

இதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. "கேஸ் கசிந்தால் நாற்றம் வருமே" என்று ஒருவர் கேட்டார். அந்த நாற்றம் எரியாத வாயுவில் நமக்காகவே கலக்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளின் நாற்றம். வாயு எரியும்போது அதுவும் எரிந்துவிடும். கீசரிலிருந்து வெளியே வரும் கார்பன் மோனாக்சைடில் அந்த எச்சரிக்கை இல்லை.

இன்னொரு பதில், "சுடர் நீலமாகத்தான் இருக்குது, நல்ல கீசர்." மஞ்சள் சுடர் கெட்ட அறிகுறி என்பது உண்மை. ஆனால் நீலச் சுடர் நல்ல அறிகுறி என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று லெட்ஜரை யாரும் பாஸ் பண்ணமாட்டார்கள். அளக்க வேண்டும்.

அளக்கும் கருவியை நான் முதலில் பார்த்தது இங்கிலாந்தில், மகள் வீட்டில். அங்கே குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வீடு இயற்கை எரிவாயுவில் ஓடும் பாய்லர் இருக்கும். சுவரில் மாட்டிய ஒரு பெட்டிதான். ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் அதுவே வெந்நீர் கொடுக்கும். வருடாந்தர சர்வீசுக்கு வந்தவர் பெரிய செல்போன் அளவில் ஒரு கருவியை வெளியே எடுத்தார். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு நீளமான உலோகக் குச்சி. முதலில் வாசலுக்குப் போய் வெளிக்காற்றில் அதை ஆன் செய்தார். ஆக்சிஜன் 20.9, கார்பன் மோனாக்சைடு 0 என்று காட்டும்வரை காத்திருந்தார். நாங்கள் காலையில் ஓப்பனிங் பேலன்ஸ் பார்ப்பதுபோல. பிறகு பாய்லரின் புகைக்குழாயில் இருந்த சின்ன மூடியைத் திறந்து குச்சியைச் செருகினார். சில நிமிடத்தில் எண்கள் வந்தன. ரசீதுபோல அச்சடித்து மகளிடம் கொடுத்தார்.

கம்பஸ்ஷன் அனலைசர் என்று அதற்குப் பெயர். வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே ஒரு சின்ன பம்ப் புகையை இழுக்கும். புகையில் வரும் நீராவி ஒரு கிண்ணத்தில் தங்கிவிடும், தூசி வடிகட்டியில் நின்றுவிடும். பிறகு புகை இரண்டு ரசாயன சென்சார்களைக் கடக்கும். ஒன்று ஆக்சிஜனை அளக்கும், இன்னொன்று கார்பன் மோனாக்சைடை. குச்சியின் முனையில் வெப்பநிலை அளக்கும் கம்பி இருக்கும். பெரும்பாலான கருவிகள் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளப்பதில்லை. என்ன எரிபொருள், எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்பதிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்லும். அதனால் கருவியில் எரிபொருளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்.பி.ஜி.க்குப் பதில் இயற்கை எரிவாயு என்று வைத்தால் விடை தப்பாக வரும்.

அந்த அச்சில் முக்கியமான எண், கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம். விகிதம் எதற்கு? "ஒரு கிளையில் 10 லட்சம் ரூபாய் வாராக்கடன்" என்று சொன்னால் அது பெரிதா சிறிதா? கிளையின் மொத்தக் கடன் தெரியாமல் சொல்ல முடியாது. அதேபோல் புகையில் வெளிக்காற்று நிறையக் கலந்தால் கார்பன் மோனாக்சைடு குறைவாகத் தெரியும். ஆனால் கார்பன் டை ஆக்சைடும் அதே அளவுக்கு நீர்த்துப் போகும். விகிதம் மாறாது. காற்றைக் கலந்து அந்தக் கணக்கை மறைக்க முடியாது. அங்கே ஒரு புது கண்டன்சிங் பாய்லரை ஓட்டத்துக்கு விடும்போது இந்த விகிதம் 0.004க்கு மேல் போகக்கூடாது. அதாவது கார்பன் டை ஆக்சைடு ஆயிரம் பங்கு இருந்தால் மோனாக்சைடு நான்கு பங்குக்குள்.

அந்த நாட்டுச் சட்டத்தில் நமக்குப் பொருந்தும் இரண்டு விஷயங்கள் உண்டு. 1998ஆம் வருட எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் வருடம் ஒருமுறை எரிவாயுச் சாதனங்களைச் சோதித்து, அதன் பதிவை வாடகைதாரரிடம் கொடுக்க வேண்டும். அடுத்தது, அறைக் காற்றை எடுத்து எரியும் எந்தச் சாதனத்தையும் குளியலறையில் பொருத்தவே கூடாது. வெளியிலிருந்து காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடும், முழுக்க மூடப்பட்ட சாதனத்துக்கு மட்டும்தான் அனுமதி.

இங்கே அந்தக் கருவிக்கு எங்கே போவது? தூரம் போக வேண்டியதில்லை. நம் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மில்களிலும் சாயப்பட்டறைகளிலும் பாய்லர்கள் ஓடுகின்றன. எரிபொருள் செலவு கையைக் கடிக்கிறது என்பதால் அவற்றின் புகையை அளந்து பார்க்கிறார்கள். அங்கே காசை மிச்சம் பிடிக்கப் பயன்படுவது இங்கே உயிரை மிச்சம் பிடிக்கும். ஏ பிளாக் நண்பர் ஒருவரின் மைத்துனர் பாய்லர் சர்வீஸ் வேலையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நமக்காக ஒதுக்கினார். பணம் வாங்கவில்லை. மதியச் சாப்பாடு மட்டும் நாங்கள் போட்டோம். நான் நோட்டோடு பின்னாலேயே போனேன்.

11 கீசர்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, யுட்டிலிட்டியில் திறந்த கிரில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கீசர். புகையில் ஆக்சிஜன் 12 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 70 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 70 பங்கு. விகிதம் ஏறக்குறைய 0.001. ஆயிரத்துக்கு ஒன்று. அருமையான கணக்கு.

இரண்டாவதும் யுட்டிலிட்டிதான். சுடர் நீலம். அந்த வீட்டு அண்ணா, "பத்து வருசமா ஓடுதுங்க, ஒண்ணும் ஆகலீங்களே" என்றார். கருவி 1,900 பி.பி.எம். காட்டியது. விகிதம் 0.025. ஆயிரத்துக்கு 25. கழற்றிப் பார்த்தால் பர்னரில் தூசி, சிலந்திக்கூடு, மேலே வெப்பத்தை வாங்கும் தகடுகளுக்கு இடையே கரி. சுத்தம் செய்து மாட்டிய பின் 110 பி.பி.எம். ஒரே கீசர், ஒரே சிலிண்டர், அதே நீல நிறம். இந்த வித்தியாசத்தை நம்மில் யார் கண்ணும் கண்டுபிடித்திருக்காது. அந்த வீட்டில் இன்னொன்றும் பார்த்தோம். யுட்டிலிட்டியைச் சுற்றிப் புதிதாகச் சறுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடியை மூடி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், அது கீசர் புகையை வெளியே விடாமல் சமையலறைக்குள் இழுக்கிறது. பால்கனியைக் கண்ணாடியால் அடைத்த நாளிலிருந்து அது பால்கனி இல்லை, அறை. கண்ணாடி போட்ட எல்லோரும் இதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, அந்தப் பெண் விழுந்த வீடு. குளியலறைக்குள்ளே இருக்கும் கீசர். முதல் நிமிடத்தில் அளந்தபோது விகிதம் 0.002. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கீசர் நன்றாகத்தான் இருக்கிறது! அவர் மட்டும், "மெஷினைப் பார்த்தாச்சு, இனி ரூமைப் பார்க்கணும்" என்றார். குச்சியை மூச்சு விடும் உயரத்தில் வைத்துக் கட்டி, ரப்பர் குழாயைக் கதவிடுக்கு வழியாக வெளியே எடுத்து, வென்டிலேட்டரை ஜனவரி மாதத்தில் எப்படி மூடி வைப்பார்களோ அப்படியே மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆள் யாரும் உள்ளே இல்லாமல் கதவைச் சாத்தினோம். வெளியே நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாவது நிமிடம் 100 பி.பி.எம்.மைத் தாண்டியது. பத்தாவது நிமிடம் 300. ஏறிக்கொண்டே இருந்தது. அதோடு நிறுத்திவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று சொல்லும் அளவு சுமார் 87 பி.பி.எம். அளவு 1,600க்குப் போனால் 20 நிமிடத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போகும். அதைவிட மேலே போனால் நிமிடக் கணக்குத்தான்.

நல்ல கீசர் எப்படிக் கெட்டது? கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் கொடுக்கும் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எல்.பி.ஜி. எரிக்கும். அதற்கு ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். நம் குளியலறை ஐந்துக்கு ஏழு அடி, உயரம் எட்டடி. மொத்தமே 8 கன மீட்டர் காற்று. பத்து நிமிடக் குளியலில் அந்தக் காற்றில் கால் பங்கை நெருப்பு சாப்பிட்டுவிடுகிறது, தன் புகையை அதே அறையில் விடுகிறது. அடுத்து அந்தப் புகை கலந்த காற்றிலேயே எரிகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய மோனாக்சைடு கூடுகிறது. கீசரில் பழுதே இல்லை. பழுது இருப்பது அந்த இடத்தில். எத்தனை சர்வீஸ் செய்தாலும் இடத்தின் பழுது போகாது. இன்று நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். கருவியை மட்டும் சோதித்தால் போதாது. நாம் எப்படி வாழ்கிறோமோ, ஜன்னலை மூடுகிறோமோ, ஃபேனைப் போடுகிறோமோ, அதே நிலையில் கருவியையும் அறையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

அனலைசருக்கும் எல்லை உண்டு. அது ஆடிட்டர் மாதிரி. வந்த நாளில் கண்டதைச் சொல்லும். மறுநாள் சிலந்தி கூடு கட்டினால் அதற்குத் தெரியாது. அதன் சென்சார்களும் சில வருடங்களில் தேய்ந்து போகும். வருடம் ஒருமுறை அளவீட்டைச் சரிபார்க்க வேண்டும். சோதிக்க வருபவரிடம் அந்தச் சான்றிதழின் தேதியைக் கேளுங்கள். கருவியை வெளிக்காற்றில் வைத்து ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள். இது நம் உரிமை.

தினசரிக் காவலுக்கு வேறு பொருள் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம். புகை அலாரம் வேறு, இது வேறு. ஐரோப்பியத் தரப்படி செய்யப்பட்ட அலாரம் 50 பி.பி.எம். இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் கத்தும். ஆனால் குளியலறைக்குள் இருக்கும் கீசருக்கு அலாரம் பரிகாரம் ஆகாது. அதை இடம் மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது தீர்மானங்கள். ஒன்று, குளியலறைக்குள் இருக்கும் மூன்று கீசர்களையும் குளிர் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும். மின்சார கீசராக மாற்றலாம், அல்லது திறந்த யுட்டிலிட்டிக்குக் கொண்டு போகலாம். இரண்டு, மற்ற எட்டுக்கும் வருடம் ஒருமுறை அனலைசர் சோதனை. சங்கமே ஆளை வரவழைக்கும், செலவைச் சோதிக்கும் வீடுகள் பகிர்ந்துகொள்ளும். மூன்று, சோதனைத் தாளின் ஒரு நகல் கட்டாயம் குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டும். நான்கு, யுட்டிலிட்டிக்குக் கண்ணாடி போட அனுமதி கேட்பவர், உள்ளே கேஸ் கீசர் இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

மூன்று வீடுகளில் இரண்டு வாடகை வீடுகள். உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் போனில், "வாடகைக்கு இருக்கிறவங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். அவருக்கு மரியாதையோடு சொன்னேன்: கீசரை மாட்டியவர் நீங்கள், அதன் கீழே நின்று குளிப்பவர் அவர். வாடகையை உயர்த்திவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அவர்கள் சார்பில் பேசுவதற்குத்தான் சங்கம். ஒரு மின்சார கீசரின் விலை, அந்த வீட்டின் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தீர்மானம் நிறைவேறி, கீசர் இடம் மாறும்வரை அந்த மூன்று வீட்டாரும் ஒன்று செய்யுங்கள். பக்கெட்டில் வெந்நீரை நிரப்பி, கீசரை அணைத்து, கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து காற்றாட விட்டு, அதன் பிறகு குளிக்கப் போங்கள். நிரப்பும்போது உள்ளே நிற்காதீர்கள். குளிக்கும்போது யாருக்காவது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியே வாருங்கள், சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், 108க்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "கேஸ் கீசர்" என்று சொல்லுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது பித்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் பட்டியல் இருக்கிறது. 11 வீட்டாரும் சோதனை முடிவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள், கீசர் இருந்தும் சொல்லாதவர்கள், இன்றே பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அபராதம் எதுவும் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி இன்னொரு நாள் வர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது தலைவர் வாக்கெடுப்பை நடத்துவார்.